அவர் கூடவே கொண்டுபோன சாவி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை. வாசலில் பந்தல்காரர் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க அப்பளம் பொரித்த எண்ணெய் வாசனை. என் கொழுந்தன் ராஜவேலு கார் கொட்டகைக்குள் போய், என் கணவரின் காரை இரண்டு சுற்று சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணி, சாவி எங்க?"

"உங்க அண்ணன் கிட்டதான் இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. சாவி நிஜமாகவே அவர் அண்ணனிடம்தான் இருந்தது. போகும்போது ஒரு துரும்பும் கூட வராது என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, என் கணவர் அதைப் பொய்யாக்கிவிட்டுப் போயிருந்தார்.

போன வாரம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் தேள் புகுந்த கதையை இங்கே எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "மிஸ், தேள் கெடக்கட்டும். சாரோட செவப்புக் கார் இன்னா ஆச்சு?" என்றாள். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பெண்களுக்கு இயற்பியல் நடத்தியிருக்கிறேன். ஒளிவிலகல் ஒருத்திக்கும் நினைவில்லை, கார் மட்டும் நினைவிருக்கிறது. அதனால் இந்த வாரம் கார்.

மூத்தாள்

அது இரண்டே பேர் உட்காரும் பிரிட்டிஷ் கார். மேலே கூரை கிடையாது, மடக்கி விரிக்கும் கித்தான் துணிதான். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் காரைக் கும்பிடுகிறவர்கள் எங்கிருந்தாவது கிளம்பி வந்து, மாடலைத் தப்பாகச் சொல்லிவிட்டதாக எனக்குப் பாடம் எடுப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து அவர் அதை வாங்கிவிட்டார். ஆகவே வீட்டில் மூத்தாள் அதுதான். நான் இளையாள்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் காரின் சாவியை நான் தொட்டதில்லை. மிகையில்லை, தொட்டதே இல்லை. வந்த புதிதில் ஒருமுறை மேஜையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டப் போனேன். "அதுல கை வெக்காத. லேடீஸ் கை பட்டா பூட்டு மக்கர் பண்ணும்" என்றார். பி.எட். படித்த மனுஷன். மறுநாளே சாவியை இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது அங்கேயேதான் இருந்தது.

காரில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. கேட் திறப்பது. அவர் உட்கார்ந்து எஞ்சினை உறுமவிடுவார், நான் இறங்கிப் போய்த் திறக்க வேண்டும். எங்கள் கேட்டின் இடது கதவு தொங்கிப்போனது, கொஞ்சம் தூக்கித்தான் தள்ள வேண்டும். நான் பட்டுப்புடவையோடு தூக்கித் தள்ளுவேன். கார் வெளியே போகும். மறுபடி சாத்திவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் மட்டும் அவர் கொஞ்சம் பெரிய ஹார்னாக அடிப்பார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐம்பதாவது வயதில், விடைத்தாள் திருத்தப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எட்டுப் போட்டு லைசென்சும் வாங்கினேன். அதைப் புடவை அடுக்கில் பத்து வருஷத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் காரை ஒரே ஒரு தடவை நானே ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கேட்காமலே இருந்துவிட்டேன்.

கறுப்புக் கயிறு

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்த வாரத்தில் அவர் போனார். காலை காபி குடித்தார், நாற்காலியில் சாய்ந்தார், முடிந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்தது ராஜவேலு. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களில் கிடையாது. தூக்கிக்கொண்டு போகும்முன் அவர் மோதிரத்தைக் கழற்றினார்கள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள், கைக்கடிகாரத்தை மறக்காமல் கழற்றினார்கள். அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிட வேண்டும் என்பது சம்பிரதாயம். வெள்ளி அரைஞாணாக இருந்திருந்தால் நான்கு பேர் போட்டி போட்டு அறுத்திருப்பார்கள். இது வெறும் கறுப்புக் கயிறு. அவரவர் இன்னொருவர் அறுத்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

எனக்கே மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதற்குள் சாம்பலைத் தென்பெண்ணையில் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"சாம்பல்ல சாவி எதுவும் இருந்துச்சா?" என்று பதினேழாம் நாள் கொட்டகையில் வைத்துத்தான் கேட்டேன்.

"நாங்க எங்கண்ணி பாத்தோம். குடத்துல போட்டாங்க, போய்க் கொட்டிட்டு வந்துட்டோம்" என்றார் ராஜவேலு.

காரைக் கிளப்பும் பூட்டுக்கு இருந்தது ஒரே சாவி. மாற்றுச் சாவி செய்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ரெண்டாவது சாவி இருந்தா ரெண்டாவது ஆள் வருவான் என்பார்.

கொட்டகையில் அன்று நடந்ததை முடிக்கிறேன். ராஜவேலு ஏற்கெனவே ஆளைப் பார்த்து வைத்திருந்தார். புதுச்சேரியில் ஒரு ஓட்டல். காரை வாசலில் நிறுத்தி, சீட்டை எடுத்துவிட்டு, உள்ளே மண் கொட்டிக் குரோட்டன்ஸ் செடி வைப்பார்களாம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

"நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும். அப்புறம் யோசிக்கலாம்" என்றேன்.

அந்தச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரித்திருக்க வேண்டிய அதே சிரிப்பைத் தம்பி சிரித்தார். குடும்பச் சொத்து எதெதில் போகிறது பாருங்கள்.

"உங்களுக்கு எதுக்கண்ணி சாவி? சரி, கெடச்சா ஓட்டுங்க. யாரு வேணான்னா? இல்லன்னா மாசி பொறந்ததும் அவங்க வண்டி எடுத்துட்டு வந்துருவாங்க. கொள்ளி வெச்சவன் நானு, நாலு பேர் கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

கொள்ளி வைத்தவனுக்குக் கார் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். மாசிக்கு இரண்டு மாதம் இருந்தது. தேட ஆரம்பித்தேன்.

ஊடல் தெருவில்

செங்கம் ரோட்டு மெக்கானிக் முதலில் வந்தார். "சாவி எதுக்கு டீச்சர்? ரெண்டு ஒயர சேத்தா ஓடப் போவுது" என்றார். என் வீட்டுக் காரை நானே திருடன் மாதிரி கிளப்ப வேண்டுமா? எனக்குச் சாவி வேண்டும், திருக வேண்டும் என்றேன். அவர் பேட்டரியைப் பார்த்துவிட்டு, சாவி வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

திருவூடல் தெருவில் நூர் பாய் என்று ஒரு சாவிக்காரர் இருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு தை மாதமும் எங்கள் ஊரில் அம்மனுக்கும் சுவாமிக்கும் அந்தத் தெருவில் சண்டை நடக்கும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவாமி தன்னந்தனியாக மலையைச் சுற்றப் போவார். ஊரே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அப்படிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி ஒரு நாள் கதவைச் சாத்தினால் பஞ்சாயத்து வைப்பார்கள்.

நூர் பாய் பெரிய தகர டப்பா நிறையச் சாவிகளோடு வந்தார். பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி, அம்பாசிடர் சாவி எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் உள்ளேயே போகவில்லை. போனவை திரும்பவில்லை.

"இன்னா டீச்சரம்மா இது. சாவித் தண்டுல ஓடுற கோடே வேற மாதிரி இருக்குது. இந்த அச்சு வேலூர்லயும் கெடைக்காது, மெட்ராஸ்லயும் கெடைக்காது" என்றார்.

"பூட்டு மேல ஏதாவது எழுதியிருக்கா பாருங்க பாய்."

அவர் டார்ச் அடித்தார். பூட்டின் முகத்தில் சாவித்துளையைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் மொத்தையாகக் காய்ந்திருந்தன.

"சாமிப் பொட்டு வெச்சிருக்குது. நான் கை வெக்கக்கூடாது" என்று டார்ச்சை அணைத்தார். "ஒண்ணு பண்ணலாம். பூட்டையே எடுத்துட்டு ஆட்டோ சுவிட்ச் போட்ருவோம். செலவும் கம்மி, தொல்லையும் கம்மி."

இங்கிலாந்துக் காருக்கு ஆட்டோ சுவிட்ச். அவர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே போயிருப்பார். எனக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பாய் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தேடுவது யார்?

பிரிட்டிஷ் காருக்குப் பிரிட்டிஷ்காரரையே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? ஆசிரமங்கள் இருக்கும் பக்கம் போய்க் கல்லை எறிந்தால் ஏதாவதொரு வெள்ளைக்காரர் மேல் விழும். அவரும் கோபப்படமாட்டார், கல் யார், தலை யார் என்று விசாரிப்பார்.

நான் போய்ப் பார்த்தவர் இருபது வருஷமாக இங்கே இருக்கிறார். ஆனந்தன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். அவர் வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"டீச்சர், சாவி தொலைந்தது என்கிறீர்கள். சாவியைத் தேடுவது யார்? அதை முதலில் பாருங்கள்."

"நான்தான் தேடறேன். காலைல பஸ் பிடிச்சு வந்தேன், மூட்டு வலிக்குது" என்றேன்.

அவர் புன்னகைத்தார். அந்த நான் எங்கிருந்து எழுகிறது என்று கேட்டார். எனக்கு எழுந்ததெல்லாம் எரிச்சல்தான். கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை போனபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது, சாதாரண மனுஷக் குரல்.

"எங்க அப்பாவும் அதே கார் வைத்திருந்தார். அவரும் சாவியைத் தொலைத்துவிட்டுக் கத்திக்கொண்டே இருப்பார். பூட்டின் முகத்திலேயே சின்னதாக நம்பர் அடித்திருக்கும். அந்த நம்பரைச் சொன்னால் இங்கிலாந்தில் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்."

இருபது வருஷத் தவத்தில் அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். நம்பர் கிடைத்தால் தன் தங்கைக்கு எழுதுவதாகவும் சொன்னார். துறவிக்குத் தங்கையும் இருந்தாள், தங்கையின் விலாசமும் இருந்தது.

என் கைவேலை

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனேன். பூட்டின் முகத்தில் நம்பர் இல்லை. பொட்டுதான் இருந்தது.

அந்தப் பொட்டை வைத்தது யார்? நான்தான்.

ஆயுத பூஜை அன்று மட்டும் என் கணவர் என்னைக் காரில் கை வைக்க விடுவார். காலையிலேயே கழுவித் துடைத்துவிட்டு, "வந்து பொட்டு வை" என்பார். நானும் சந்தனக் கிண்ணத்தோடு போவேன். ஸ்டியரிங்குக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒவ்வொன்று, சக்கரங்களுக்கு நான்கு. சாவியைத்தான் தொடக் கூடாது, பூட்டையாவது தொடலாமே என்று அதற்கு மட்டும் ஒரு விரல் கூடுதலாகச் சந்தனம் அப்புவேன். மற்ற பொட்டுகளை மறுவாரம் மஞ்சள் துணியால் துடைத்துவிடுவார். பூட்டில் இருப்பதை மட்டும் துடைக்கமாட்டார், லட்சுமி போய்விடுவாளாம். அதன் மேலேயே அடுத்த வருஷப் பொட்டு ஏறும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் கதை தெரியும். வெண்ணெய் மேல் வருஷா வருஷம் சந்தனம் பூசினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவைத்தேன். கொண்டை ஊசியால் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. மேலே போன வருஷத்துப் பொட்டு. அடியில் எங்கோ கல்யாணமான வருஷத்துப் பொட்டு. என் விரல் மெலிசாக இருந்த காலத்துப் பொட்டு.

அழுதேன். அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. நல்ல மனுஷன்தான், ஒரு நாள் கை நீட்டியதில்லை, ஒரு நாள் சாவியையும் நீட்டியதில்லை. பத்தாம் நாள் என் நெற்றிப் பொட்டை அழிக்க நான்கு பெண்கள் தயாராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். காரின் பொட்டை அழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. மறுநாளே என் பொட்டைத் திரும்ப வைத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

கடைசிச் செதில் போனபோது பித்தளையில் இரண்டு ஆங்கில எழுத்தும் மூன்று எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. பரீட்சை நம்பர் மாதிரி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஆனந்தனுக்குப் போன் செய்தேன்.

தபாலில் வந்தது

தை கடைசி வாரத்தில் தபால்காரர் ஒரு சின்ன உறையைக் கொண்டுவந்தார். உள்ளே ஒன்றல்ல, இரண்டு சாவிகள். கூடவே தங்கை ஒரு சீட்டு வைத்திருந்தாள். இந்த நம்பர் சாவி சர்வசாதாரணமாம். கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் பூட்டு தினுசுகளையே திரும்பத் திரும்ப எல்லாக் கார்களுக்கும் போட்டிருந்தார்களாம். இதே சாவி அங்கே எத்தனையோ பேருடைய காரைக் கிளப்புமாம்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் இடுப்பில் கட்டிக் காத்து, எனக்குக் காட்டாமல் கூடவே எடுத்துக்கொண்டு போன சாவி அங்கே கடையில் ஆணியில் தொங்குகிற சாமான். ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரி தன் சாவியைக் கொண்டுவந்து எங்கள் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான்தான் தொடக் கூடாது.

ராஜவேலுவிடம் சொல்லவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். புது பேட்டரி போட்டார், பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினார். சாவியைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். நானே திருகிக்கொள்கிறேன் என்றேன்.

மாசி பிறந்த மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஓட்டல்காரர்கள் வருவதாக ராஜவேலு சொல்லியிருந்தார். நான் எட்டு மணிக்கே கொட்டகைக்குப் போனேன். சீட் அவர் காலுக்குத் தள்ளியிருந்தது, முன்னால் இழுத்துக்கொண்டேன். சாவியைப் போட்டுத் திருகினேன். லேடீஸ் கை பட்டும் பூட்டு மக்கர் பண்ணவில்லை. எஞ்சின்தான் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

மலையைச் சுற்றினேன். பௌர்ணமி இல்லாததால் பாதை காலியாக இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் கார் கரகரவென்று என்னைத் திட்டியது, பழகின திட்டுதான். அடி அண்ணாமலையில் வேகத்தடையில் அணைந்துவிட்டது. வேர்க்கடலை வேகவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"யாரு காரும்மா இது?"

வாய் தானாக, "எங்க வூட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

"என்னுது" என்றேன்.

"சொந்தமாவே ஓட்ற, பரவால்லியே" என்று சொல்லிவிட்டு ஒரு கை கடலையைப் பக்கத்து சீட்டில் போட்டாள். பின்னாலிருந்து தள்ளியும் விட்டாள்.

கேட்

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. தெருவில் காரைத் தூக்கிப் போகும் வண்டி நின்றிருந்தது. கேட் சாத்தியிருந்தது. உள்ளே காலிக் கொட்டகை முன்னால் ராஜவேலுவும், முழுக்கைச் சட்டை போட்ட ஓட்டல் மேனேஜர் ஒருவரும் போனில் யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். போலீசுக்குச் சொல்லலாமா என்று பேச்சு அடிபட்டது.

நான் ஹார்ன் அடித்தேன். கொஞ்சம் பெரிதாகவே அடித்தேன்.

ராஜவேலு ஓடிவந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூட்டில் தொங்கும் சாவியைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? கேட் கம்பிக்கு நடுவில் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்கண்ணி. எறங்கி இப்படி வாங்க, நான் உள்ள விட்டுர்றேன்."

எஞ்சினை அணைக்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன், உறுமியது.

"வண்டி விக்கறதுக்கில்ல, அவரப் போவச் சொல்லுங்க" என்றேன். "நீங்க கேட்டைத் தொறங்க தம்பி."

அவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். ராஜவேலு தாழ்ப்பாளை எடுத்தார். வலது கதவு வந்துவிட்டது. இடது கதவு தரையில் இடித்துக்கொண்டு நின்றது, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு காலால் உதைத்துப் பார்த்தார்.

"உதைச்சா வராது. தூக்கித் தள்ளணும்" என்று சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தேன்.